நாலிலிருந்து ஐந்துக்கு உயர்த்தக் கோரி

எங்கள் எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணனின் மகள் பத்மப்ரியாவுக்கு அப்போது ஒன்பது வயது. வலியசாலையில் எங்கள் தெருவோரம் மழைத்தண்ணீர் போக ஓர் ஓடை உண்டு. அதன் கான்கிரீட் விளிம்பு நாலு அங்குல அகலம் இருக்கும். அந்த விளிம்பில் நின்று அவள் பின்னால் வளைந்து, கைகளை ஊன்றி, கால்களை ஆகாசத்துக்கு வீசி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் அதே விளிம்பில் வந்து நிற்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினம் இருபது தடவை. முதல் தடவை பார்த்தபோது என் கையிலிருந்த பால் பாத்திரம் கீழே விழுந்துவிட்டது. அவள் வந்து பாத்திரத்தை எடுத்துக் கொடுத்து, "பேடிக்காதேங்கோ மாமா, நான் விழமாட்டேன்" என்றாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அந்தப் பல்டியை ஓடைக்கரையில் அல்லாமல், போட்டிகளில் வைப்பார்களே, பீம் என்று தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு கட்டை, அதன்மேல் நாலு பேர் பார்க்க ஒரு தடவை செய்ய வேண்டும். இதைவிடச் சின்ன ஆசை ஒரு குழந்தைக்கு இருக்க முடியாது. இதைத் தடுத்து நிறுத்தத் தனி மனிதர் யாராலும் ஆகாது, அதற்கு ஓர் அமைப்பு வேண்டும். நல்லவேளையாக நம் ஊரில் அது இருந்தது.

அனந்தபுரி மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் தரநிலைக் கழகம் என்று பெயர். வெள்ளயம்பலம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கழகத்துக்கு ஒரு பீம், இரண்டு மெத்தை, பதினேழு நிர்வாகிகள். செயலாளர் ராமசுப்ரமணியன் கரமனைக்காரர். சில வருஷங்களுக்கு முன் மருமகள் பிரசவத்துக்கு இங்கிலாந்து போனவர், பேரன் தூங்கும் நேரங்களில் பொழுது போகாமல் பக்கத்து உள்விளையாட்டு அரங்கத்துக்குப் போய், அங்கே பெண் குழந்தைகளின் ஜிம்னாஸ்டிக்ஸை எப்படி நிலை நிலையாகப் பிரிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். திரும்பும்போது எல்லாரும் சாக்லேட் கொண்டுவருவார்கள். இவர் அந்த முறையைக் கொண்டுவந்தார்.

அங்கே அது ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்காக ஏற்பட்டது. இங்கே கழகத்தில் மொத்தம் இருபத்துமூன்று குழந்தைகள். ஆனாலும் முறை முழுசாக வந்து இறங்கியது. கிளப் பாதை, வட்டாரப் பாதை, தேசியப் பாதை என்று மூன்று பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் 'வயதுக்குள்', 'வயதுக்கு வெளியே' என்று இரண்டு கிளைகள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டுப் படிகள் வந்தன, அவற்றில் பாதிக்கு மேல் ஆளே இல்லை. ஆளில்லாத படிகளுக்கும் பொறுப்பாளர்கள் இருந்தார்கள், அவர்கள்தான் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தார்கள்.

கழகத்தின் பயிற்சியாளர் ஆர்யா, வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண். ஒருநாள் எங்கள் தெரு வழியாகப் போனவள் ஓடைக்கரையில் பத்மாவைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்மாவைக் கழகத்துக்கு அழைத்துப்போய்ச் சோதனையில் நிறுத்தினாள். சோதனை முடிந்து தேசியப் பாதையில் நாலாம் நிலை என்று ஒரு மஞ்சள் அட்டை கிடைத்தது. ஆர்யாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அன்று சாயங்காலமே அக்காவின் பிரசவம் என்று அவள் வித்துரா போய்விட்டாள். அங்கே மலைப்பக்கம் போன் கிடைப்பதும் கஷ்டம். அவள் மட்டும் அந்த இரண்டு வாரம் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏனென்றால் அதே சோதனையில் மூன்றாவது வீட்டு ஸ்நேகாவுக்கு ஐந்தாம் நிலை கிடைத்தது. ஸ்நேகாவுக்கு ஆறு வயது. தரையில் நேராக நடந்தாலே விழுகிற குழந்தை.

வெங்கடகிருஷ்ணன் தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் பார்த்த உலகத்தில் எண் கூடினால் உயர்வு, குறைந்தால் ஏதோ தண்டனை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி அனந்தலக்ஷ்மி பிளஸ்டூவுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுப்பவள். அவளும் ஐந்து நாலைவிடப் பெரிது என்பதில் சந்தேகப்பட ஒன்றும் காணவில்லை. இருவரும் செயலாளரைப் போய்ப் பார்த்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

ராமசுப்ரமணியன் சுவரில் தொங்கிய படத்தை ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். எங்கள் மூவருக்கும் அதில் விளங்கியது கடைசியில் சொன்னது மட்டும்தான்.

"இது ஏணி இல்லே, கேட்டேளா. ஏணின்னா எந்தக் கொழந்தையும் ஏறிடும். இது பாதையாக்கும். பாதைன்னா போயிண்டே இருக்கலாம், எங்கயாவது போய்ச் சேரணும்னு நிர்பந்தமே இல்லே."

திரும்பி வரும் வழியில் அனந்தலக்ஷ்மி பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். பெண்ணை நாலிலிருந்து ஐந்துக்கு ஏற்றிவிட்டால் ஐம்பத்தோரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள். எதையும் கேட்டு வாங்க வேண்டுமானால் எழுத்தில் கேட்க வேண்டும் என்று நம்புகிற வெங்கடகிருஷ்ணன் அதே இரவு ஒரு மனு எழுதினார். 'பொருள்: என் மகள் செல்வி பத்மப்ரியாவை நிலை நாலிலிருந்து நிலை ஐந்துக்கு உயர்த்தக் கோரி' என்று தொடங்கி, எட்டுப் பத்திகள், மூன்று இணைப்புகள். அவர் உத்தியோகத்தில் எழுதிய எந்தக் குறிப்பும் அவ்வளவு உருக்கமாக இருந்திருக்காது.

மனு மறுநாளே அனுமதிக்கப்பட்டது. கழகத்தின் சரித்திரத்தில் அனுமதிக்கப்பட்ட முதல் மனு அதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

அனுமதி ஆணையைக் கொடுக்கத் தலைவர் அழகியநம்பியே நேரில் வந்தார். சாலைக் கடைத்தெருவில் பெரிய பாத்திரக்கடை வைத்திருப்பவர். பூர்வீகம் நாஞ்சில் நாடு. உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். தெருவில் நாற்காலி போட்டு, 'முன்மாதிரிப் பெற்றோர்' என்ற பட்டமும் பொன்னாடையும் வெங்கடகிருஷ்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசினார்.

"எல்லா அப்பன்மாரும் எம் பிள்ளைய மூணாக்கு, ரெண்டாக்குன்னு வந்து நிக்கான். இத்தன வருசத்துல எம் பிள்ளைக்கு அஞ்சு போரும்னு எழுதிக் கேட்ட மனுசன் இவரு ஒருத்தராக்கும். இவர மாதிரி நாலு பேரு இருந்தா இந்தக் கழகத்துல ஒரு பிள்ளையும் முன்னேறாண்டாம். எங்களுக்கும் ஒரு தொல்லையும் சல்லியமும் இல்ல பாத்துக்கிடுங்க."

பேச்சு எனக்கு எங்கேயோ இடறியது. ஆனால் பொன்னாடை தோளில் விழுகிற நேரத்தில் யாருக்கும் காது கேட்பதில்லை. மறுநாள் ஐம்பத்தோரு தேங்காயும் பழவங்காடியில் சிதறின.

அந்த வாரக் கடைசியில் ஆர்யா திரும்பி வந்தாள். கழகச் சுவரில் ஒட்டியிருந்த நிலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு நேராக வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றக்கூட மறந்து, கூடத்தில் நின்றாள். இந்த முறையில் எண் இறங்க இறங்கத்தான் குழந்தை ஏறுகிறது என்று சொன்னாள். ஐந்து, ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு. நாலு, எட்டு ஒன்பது வயதுக்கு. பத்து வயதில் மூன்று, அப்படியே போய் ஒன்றுதான் உச்சி. அதை இந்த ஊரில் இதுவரை யாரும் எட்டவில்லை.

"சாரே, அந்தப் பல்டி நாலுலதான் உண்டு. அஞ்சுல இல்ல. அஞ்சுல நடக்கணும், ஒத்தக் கால்ல நிக்கணும், திரும்பணும், சாடி இறங்கணும். அவ்வளவுதான் சம்மதிப்பாங்க."

வெங்கடகிருஷ்ணன் மனுவின் நகலை எடுத்துப் பொருள் வரியை மறுபடி படித்தார். அனந்தலக்ஷ்மி, பிள்ளையாரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறார் என்றாள். அவரிடம் போய்த் திருப்பிக் கேட்கவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பத்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் ஓடைக்கரைக்குப் போய் அன்றைக்கான இருபதையும் செய்துவிட்டு வந்தாள்.

மாநிலத் தரநிலைப் போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. ஜனவரி வந்தால் பத்மாவுக்குப் பத்து வயது கணக்காகிவிடும், நாலாம் நிலையின் கதவும் மூடிவிடும். இருப்பது இந்த ஒரு போட்டிதான்.

மறுபடியும் மாடி ஏறினோம். தவறான எண் விழுந்துவிட்டது, பழையபடி நாலு ஆக்கிவிடுங்கள் என்று வெங்கடகிருஷ்ணன் கெஞ்சினார். ராமசுப்ரமணியனுக்கு உண்மையாகவே வருத்தம். அவர் கெட்ட மனுஷன் இல்லை, கையேட்டைப் படித்த மனுஷன். ஐந்திலிருந்து நாலுக்கு வர ஐந்தை வயதுக்குள் தேற வேண்டும் என்றார். பத்மாவுக்கு ஐந்தின் வயது தாண்டிவிட்டது. ஆகவே அவள் ஐந்தில் வயதுக்கு வெளியே. வயதுக்கு வெளியே தேறினால் அது வட்டாரப் பாதையில் போய் விழும். அந்தப் பாதையில் ஐந்துக்குப் பிறகு ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு பாதை முடிந்தது.

மனுவே தவறு என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றார் வெங்கடகிருஷ்ணன். அங்கேதான் சிக்கல் என்றார் செயலாளர். வெங்கடகிருஷ்ணன் முன்மாதிரிப் பெற்றோர். முன்மாதிரிப் பெற்றோர் தவறு செய்ததாகக் கழகத்தின் பதிவில் இருக்க முடியாது. முதலில் பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும். கொடுத்தது விழாவில் என்பதால் வாங்குவதும் விழாவில்தான்.

அந்த விழா நடந்தது. பொன்னாடை களையும் விழா என்று அழைப்பிதழ் அடித்திருந்தார்கள். குத்துவிளக்கை ஏற்றலாமா, ஏற்கெனவே எரிகிற விளக்கை அணைக்க வேண்டுமா என்பதில் நிர்வாகிகளுக்குள் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்து, ஏற்றி அணைப்பதென்று முடிவாயிற்று. அழகியநம்பி வெங்கடகிருஷ்ணனின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து, நாலாக மடித்து, கவரில் போட்டுக்கொண்டார். புகைப்படம் எடுத்தார்கள். வெங்கடகிருஷ்ணன் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். எல்லாருக்கும் உழுந்து வடையும் சாயாவும் கிடைத்தன.

நாலு நாளில் கடிதம் வந்தது. தங்கள் திருத்த மனு கிடைத்தது, தற்சமயம் தாங்கள் முன்மாதிரிப் பெற்றோர் அல்லாததால், சாதாரணப் பெற்றோர்களின் திருத்த மனுக்களைப் பரிசீலிக்கக் கழக விதிகளில் இடமில்லை என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. வெங்கடகிருஷ்ணன் கோபப்படவில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. 'டிராஃப்ட் நன்னா இருக்கு, ஓட்டையே இல்லே' என்று மெதுவாகச் சொன்னார். உத்தியோகம் மனுஷனை அப்படி ஆக்கிவிடுகிறது.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மறுநாள் அங்கே முகூர்த்தம். பின்கட்டில் சமையல்காரர்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். மணமேடையில் பீம். கீழே நீலக் கோட்டுப் போட்ட ஐந்து நடுவர்கள். தலைமை நடுவர் நேசமணி டீச்சர், ஓய்வுபெற்ற டிரில் மிஸ்ட்ரஸ். ஐந்தாம் நிலைக் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். எல்லாம் இடுப்பளவு உயரம், ஒன்றிரண்டுக்கு முன்பல் இல்லை. வரிசையின் கடைசியில், அவர்கள் எல்லாரையும்விட இரண்டு தலை உயரமாக, பத்மா நின்றாள். சாப்பாட்டு வரிசையில் இடம் மாறி நிற்பவள் மாதிரி இருந்தது.

போவதற்கு முன் அவள் அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, நடக்கவும் நிக்கவும் மட்டும் பண்ணினா பாஸாகும், அல்லே?"

ஆமாம் என்றார்.

"பாஸானா பின்னே மறுபடியும் பீம்ல எப்போ ஏறலாம்?"

வெங்கடகிருஷ்ணனுக்குப் பதில் தெரியும். வட்டாரப் பாதை, சான்றிதழ், முடிவு. இனி ஒருபோதும் ஏற முடியாது. பத்மா அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. போய்விட்டாள்.

பீம் மேல் ஏறினாள். நடந்தாள். ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை நின்றாள். திரும்பினாள். இனி குதித்து இறங்க வேண்டியதுதான் பாக்கி. அவள் இறங்கவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிறகு பின்னால் வளைந்தாள்.

கட்டையில் அவள் பாதம் மறுபடி பட்டபோது சத்தமே வரவில்லை. அசையாமல் நின்றாள். முதலில் கைதட்டியது சமையல்காரர்கள்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆர்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடுவர்கள் இருபது நிமிஷம் கூடிப் பேசினார்கள். நேசமணி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மைக்கில் படித்தார். பட்டியலில் இல்லாததைச் செய்ததற்கு மூன்று கழிவு. கைகள் பீமில் பட்டன, ஐந்தாம் நிலையில் அது விழுந்ததாகக் கணக்கு, மூன்று கழிவு. கால்கள் இரண்டும் ஒரே சமயத்தில் பீமை விட்டன, அதுவும் விழுந்ததாகக் கணக்கு, மூன்று கழிவு. முடியும் முன்பே பார்வையாளர்கள் தட்டியதற்கு ஒன்று. மொத்தம் பத்துக்குப் பூஜ்யம்.

விழாமலேயே இரண்டு தடவை விழுந்தவள் பீமை விட்டு இறங்கி வந்தாள். அழகியநம்பி மைக்கை வாங்கினார்.

"யாரும் வருத்தப்படாண்டாம். இந்தப் பிள்ளைக்குத் தெறமை இருக்கு, எனக்கும் கண்ணு தெரியும். ஆனா தெறமை எந்தத் தெருவுலயும் கிடைக்கும். தரநிலை கிடைக்குமா? ஒரு பிள்ளை நல்லா ஆடுகுன்னு பாதைய மாத்தினா, நாளைக்கு எல்லாப் பிள்ளையும் நல்லா ஆடிரும். அப்புறம் நாங்க பதினேழு பேரும் எதுக்கு?"

கடைசி வரியைச் சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் யோசித்தார். பிறகு தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

பூஜ்யம் வாங்கியவளுக்குக் கிளப் பாதையில் இடமில்லை, வட்டாரத்தில் இல்லை, தேசியத்தில் இல்லை. முப்பத்தெட்டுப் படியிலும் அவள் இல்லை. பத்மா வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஓடைக்கரைப் பக்கமே போகவில்லை. ராத்திரி சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவாளாம். கூப்பிட்டால் வரமாட்டாளாம். அந்த நாட்களில் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கல்லால் அடிக்கலாமா என்று ஐம்பத்தெட்டு வயதில் நான் யோசித்திருக்கிறேன்.

அப்போதுதான் ராமசுப்ரமணியன் வந்தார். கையேட்டில் ஒரு பிரிவு இருக்கிறது என்றார். அது இங்கிலாந்துக் கையேட்டில் இல்லை, இங்கே வந்தபின் சேர்த்தது. எந்தப் பாதையிலும் எந்த நிலையிலும் இடமில்லாதவர்களை நடுவராக நியமிக்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸோடு எந்த சம்பந்தமும் இல்லாதவர்களுக்குத்தானே பாரபட்சம் இருக்காது.

"நாங்க எல்லாரும் அந்த வழியா வந்தவாதான்" என்றார் பெருமையாக. வயசு ஒரு தடையா என்று வெங்கடகிருஷ்ணன் கேட்டார். நடுவர்களுக்கு வயதுக்குள், வயதுக்கு வெளியே என்பதெல்லாம் கிடையாது, அது விளையாடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்.

எப்படியாவது குழந்தை மறுபடி பீம் இருக்கிற இடத்துக்குப் போகட்டும் என்று வெங்கடகிருஷ்ணனும் அனந்தலக்ஷ்மியும் சம்மதித்தார்கள். நீலக் கோட்டைத் தையல்காரரிடம் கொடுத்துக் கையைக் குறுக்கினார்கள். பத்மா கையேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். அவள் படிப்பில் கெட்டிக்காரி. செயலாளருக்கே தடுமாறும் பக்கங்கள் இரண்டு மாசத்தில் அவளுக்கு மனப்பாடம். கழகத்திலிருந்து வீட்டுக்கு போன் போட்டுச் சந்தேகம் கேட்டார்கள். அவள் மறுபடி சிரித்தாள், ஒழுங்காகச் சாப்பிட்டாள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும் நிம்மதிதான்.

அடுத்த வருஷப் போட்டிக்கு வெங்கடகிருஷ்ணனோடு நானும் போனேன். நடுவர் மேஜையில் நாலு பெரிய நீலக் கோட்டுகள், ஒரு சின்ன நீலக் கோட்டு. ஆர்யா வித்துராவிலிருந்து ஒரு குழந்தையைக் கூட்டி வந்திருந்தாள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் பெண், ஏழு வயது, ஐந்தாம் நிலை. அது நடந்தது, நின்றது, திரும்பியது. பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கியது. வெங்கடகிருஷ்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தை பின்னால் வளைந்து, சுற்றி, வந்து நின்றது. நான் மேஜையைப் பார்த்தேன். மற்ற நாலு நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கரமனைப் பாலம் தாண்டியதும் வெங்கடகிருஷ்ணன்தான் கேட்டார்.

"அந்தக் கொழந்தை நன்னாப் பண்ணித்தேடி?"

"பின்னே. என்னைவிட நன்னாப் பண்ணினா."

"நீ எத்தனை குடுத்தே?"

"பூஜ்யம்" என்றாள். "அவ லெவல்ல அது இல்லையேப்பா. டீச்சர் ரெண்டு குடுக்கலாம்னா. நான்தான் பக்கம் எடுத்துக் காட்டினேன்."

வெங்கடகிருஷ்ணன் வெளியே பார்த்தார். பத்மா கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"அந்தக் குட்டி ரொம்பக் கரைஞ்சது மாமா. ஸ்டெப்ல உக்காந்துண்டு. பாவமா இருந்தது. நான் போய் அழாதேன்னேன். அடுத்த வருஷம் நீயும் ஜட்ஜ் ஆகலாம்னு சொல்லிட்டு வந்தேன்."